தானே விரியும் ஸ்டென்ட் குறி தவறுவது ஏன்? அந்த 5 மி.மீ. எங்கே தொலைகிறது?

கல்லட்டி36 (பயோமெடிக்கல், ஊட்டி)

மலையில் வேலை பார்ப்பவர்களும், கோவைக்கும் மதுரைக்கும் இறங்கிக் கேத் லேப் (கதீட்டர் சிகிச்சைக் கூடம்) பார்ப்பவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரே ஒரு விஷயத்தை உருப்படியாகப் பேசி முடிப்போம். தொடைத் தமனியில் நிட்டினால் (தன் வடிவத்துக்குத் தானே திரும்பும் உலோகக் கலவை) ஸ்டென்ட், அதாவது நாளத்தைத் திறந்து வைக்கும் வலைக்குழாய், வைக்கும்போது, குறித்த இடத்துக்கும் முனை போய் உட்கார்ந்த இடத்துக்கும் 4, 5 மி.மீ. தள்ளிப்போகிறது. உடனே "டெலிவரி சிஸ்டம் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். என் கணக்குப்படி ஸ்டென்ட்டை உள்ளே கொண்டுபோய் இறக்கும் அந்தச் சாதனத்தின் பங்கு அதில் குறைவு. சாதனத்துக்குள் நாமே ஏற்றி வைக்கும் இழுவிசையின் பங்குதான் அதிகம்.

எதிர்க் காலில் துளை போட்டு, மகாதமனி இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாண்டி அடுத்த காலுக்கு இறங்குகிறோம். பிரியும் இடத்திலேயே கதீட்டர் (ரத்தநாளத்துக்குள் போகும் மெல்லிய குழாய்) கிட்டத்தட்ட யு-டர்ன் எடுக்கிறது. இலியாக் (இடுப்புத் தமனி) வளைவுகளையும் சேர்த்தால் மொத்தத் திருப்பம் எளிதாக 300 டிகிரி வந்துவிடும். வளைவில் உராய்வு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். கப்பலைக் கட்டும் கயிற்றைத் தூணில் சுற்றினால் பிடி எப்படி ஏறுகிறதோ அதே விதி. உராய்வுக் கெழு 0.1 என்றால் 300 டிகிரிக்கு இழுவிசை 1.69 மடங்கு வேண்டும். 0.2 ஆகிவிட்டால் 2.85 மடங்கு. அதாவது ஷீத்தை (உறைக்குழாயை) உப்புநீர் விட்டுச் சரியாக ஃப்ளஷ் செய்யாமல் கெழு இரட்டிப்பானால், மறுமுனையில் அதே வேலை நடக்கக் கைப்பிடியில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகக் கூடுதல் விசை போட வேண்டும்.

கல்லட்டி மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 36 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவும் எவ்வளவு அகலம் என்பது இந்தச் சூத்திரத்தில் வராது, மொத்தம் எத்தனை டிகிரி திரும்பினோம் என்பதுதான் வரும். கயிறு மாதிரி துவளும் பொருளுக்கு அது முழுக்கப் பொருந்தும். கதீட்டருக்கு விறைப்பு உண்டு என்பதால் குறுகிய வளைவில் சுவர்மேல் கூடுதலாக அழுந்தும், அங்கே உராய்வு இன்னும் ஏறும்.

ஸ்டென்ட்டை மூடியிருக்கும் வெளி ஷீத்தை நாம் பின்னால் இழுக்கிறோம். உள்தண்டு ஸ்டென்ட்டைப் பின்னாலிருந்து தாங்கி நிற்கிறது. இழுக்க இழுக்க வெளி ஷீத் நீள்கிறது, உள்தண்டு சுருங்குகிறது. கைப்பிடி நகர்ந்துவிட்டது, மறுமுனையில் ஒன்றும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுக்கிறோம். உராய்வு சட்டென்று விட்டுக்கொடுக்கும் நொடியில் சுருங்கி நின்ற உள்தண்டு ஸ்பிரிங் போல நிமிர்ந்து ஸ்டென்ட்டை முன்னால் தள்ளுகிறது. அந்த 5 மி.மீ. தொலைவது இங்கேதான்.

சோலைக்காடு (ரத்தநாள அறுவை)

கல்லட்டி சார், இழுவிசை பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதன் "பங்குதான் அதிகம்" என்பதை ஏற்க முடியவில்லை. குறியே தவறான இடத்தில் போட்டிருந்தால், சாதனம் ஒரு மயிரிழை பிசகாமல் அந்தத் தவறான இடத்தில்தான் போய் உட்காரும்.

எக்ஸ்-ரே ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருகிறது. மேஜையில் நோயாளிக்கு அடியில் அளவுகோல் ஒட்டியிருக்கிறோம். குழாயிலிருந்து அளவுகோல் 70 செ.மீ., ரத்தநாளம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கதிரிலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி ரத்தநாளத்தில் இருந்தால், அது அளவுகோலில் 7 செ.மீ. என்றுதான் விழும். ஒரு முழு சென்டிமீட்டர் போயிற்று. இதற்கு எந்தக் கம்பெனியும் காரணம் இல்லை. இறக்கப்போகும் முனையைப் படத்தின் நடுவுக்குக் கொண்டு வந்துவிட்டால் இந்தப் பிழை சுழிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அளவுகோல் தோராயமாக இடம் சொல்ல உதவும். மி.மீ. கணக்குக்கு அதை நம்பக் கூடாது.

இரண்டாவது, கோணம். ரத்தநாளம் படத்தளத்துக்கு 30 டிகிரி சாய்ந்திருந்தால் 60 மி.மீ. நீளம் 52 ஆகத் தெரியும். 60 மி.மீ. ஸ்டென்ட் போதும் என்று எடுப்போம், போதாது. தொடைத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அதே பக்கச் சாய்வு 30 டிகிரி. உள் இலியாக், வெளி இலியாக் பிரியும் இடத்துக்கு எதிர்ப்பக்கச் சாய்வு. இதை மாற்றிப் போட்டால் இரண்டு கிளையும் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, கிளையின் வாய் எங்கே என்றே தெரியாது. சி.டி. இருந்தால் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. குறுக்குவெட்டுப் படத்தில் கிளையின் வாய் எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று அளந்து, சி-ஆர்மை (எக்ஸ்-ரே எடுக்கும் சி வடிவக் கருவியை) அதற்குச் செங்குத்தாக வைக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, விறைப்பான வயர் (கதீட்டர் ஏறிப்போகும் வழிகாட்டிக் கம்பி). ரோடுமேப் (வழிகாட்டியாகத் திரையில் வைத்திருக்கும் ரத்தநாளப் படம்) எடுத்தது மெல்லிய வயரில். பிறகு விறைப்பான வயருக்கு மாற்றினோம், இலியாக் தமனி நிமிர்ந்துவிட்டது. பழைய ரோடுமேப்பில் இருக்கும் வாய் இப்போது அங்கே இல்லை. நிமிர்ந்த தமனியில் சுருக்கம் விழுந்து, இல்லாத அடைப்பு இருப்பது போலவும் தோன்றும். அதற்கும் சேர்த்து ஸ்டென்ட் வைத்துவிடக் கூடாது. டெலிவரி சிஸ்டம் உள்ளே போன பிறகு, அதே வயர், அதே கோணம், மேஜை அசையாத நிலை, அப்போது இன்னொரு முறை டை (எக்ஸ்-ரேயில் ரத்தநாளத்தைக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து) விட்டுப் படம் எடுங்கள். 5 மில்லி கான்ட்ராஸ்ட் அதிகம் போகும், அவ்வளவுதான். சிறுநீரகம் தாங்காதவர் என்றால் டை விட்டு எடுக்கும் மற்ற ரன்களில் மிச்சம் பிடியுங்கள், இந்த ரன்னில் வேண்டாம்.

பேரிஜம்டெக் (கேத் லேப் டெக்னீஷியன், கொடைக்கானல்)

இருவர் சொன்னதும் கையில் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதுகிறேன். 0.035 அங்குல வயரில் போகும் 6 பிரெஞ்ச் (2 மி.மீ. தடிமன்) சிஸ்டத்தை மனதில் வைத்து.

பெட்டியை உடைத்ததும் ஹெபரின் சலைன் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கலந்த உப்புநீர்) இரண்டு வழியிலும் போக வேண்டும். வயர் போகும் உள்வழியில் நுனியில் சொட்டும் வரை. வெளி ஷீத்துக்கும் உள்தண்டுக்கும் நடுவே இருக்கும் வழியில், ஸ்டென்ட் படுத்திருக்கும் இடத்தின் முனையில் ஈரம் கசியும் வரை. இந்த இரண்டாவதைத்தான் பலர் அரைகுறையாக விடுகிறார்கள். அங்கே காற்றும் வறட்சியும் நின்றால் கல்லட்டி சார் சொன்ன 0.1 உங்களுக்கு 0.2 ஆகிவிடும்.

பூட்டு மூடியிருக்கிறதா என்று பார்த்து உள்ளே ஏற்றுங்கள். இறக்க வேண்டிய இடத்தை 1, 2 செ.மீ. தாண்டிப் போகட்டும். பிறகு மெதுவாகப் பின்னால் இழுத்துக் குறிக்கு வாருங்கள். இதுதான் தளர்வை எடுப்பது. தள்ளிக்கொண்டு போன கதீட்டர் ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சுவரை உரசிக்கொண்டு படுத்திருக்கும். பின்னால் இழுத்தால் உள்சுவருக்கு வந்து இறுகும். தள்ளியே குறிக்கு வந்து நிறுத்தினால், தளர்வு முழுதும் உள்ளே ஒளிந்திருந்து, ஷீத் விடும் நேரத்தில் முன்னால் பாயும். திரையில் பாருங்கள். கைப்பிடியை 1 செ.மீ. பின்னால் இழுத்தும் நுனி மார்க்கர் (எக்ஸ்-ரேயில் தெரியும் அடையாளம்) அசையவில்லை என்றால் தளர்வு இன்னும் இருக்கிறது. கையும் மார்க்கரும் சேர்ந்து நகர ஆரம்பித்த பிறகுதான் குறி.

உடம்புக்கு வெளியே இருக்கும் நீளமும் நேராக, இறுக்கமாக இருக்க வேண்டும். மேஜையில் வட்டமாகச் சுற்றிக் கிடந்தால் அது இன்னொரு 360 டிகிரி. கைப்பிடியை நோயாளியின் தொடைமேல் அல்லது மேஜைமேல் ஊன்றி வையுங்கள். அந்தரத்தில் பிடித்த கை, கட்டைவிரல் சக்கரத்தைத் திருப்பும்போது அறியாமலே பின்னால் வரும். கை 3 மி.மீ. பின்னால் வந்தால் ஸ்டென்ட்டும் 3 மி.மீ. பின்னால்.

ஒய்-கனெக்டரின் (ரத்தம் வெளியே வராமல் அடைக்கும் ஒய் வடிவ இணைப்பு) திருகு இறுக்கமாக இருந்தால் அது வெளி ஷீத்தைக் கவ்விப் பிடிக்கும். அப்போது நாம் ஷீத்தை இழுக்கிறோம் என்று நினைப்போம், உண்மையில் ஷீத் நகராமல் இழுவிசை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

முதல் 2, 3 மி.மீ. விரியும்போது நிறுத்துங்கள். அவசரம் வேண்டாம். முனையில் இருக்கும் மார்க்கர் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தவை விலகிப் பூ மாதிரி விரியும். சுவரைத் தொடுவதற்கு முன் இருக்கும் அந்தச் சில நொடிதான் திருத்தம் செய்யக் கிடைக்கும் நேரம். அப்போதும் பின்னால் இழுத்துத் திருத்தலாம், முன்னால் தள்ளக் கூடாது. பாதி விரிந்த முனைகள் சுவரில் குத்தும், இல்லை என்றால் ஸ்டென்ட் தன்மேலேயே மடங்கும். சுவரைத் தொட்டு நின்ற பிறகு திருத்தம் கிடையாது. மீதியைச் சீரான வேகத்தில் விடுங்கள். நடுவில் இழுத்துப் பிடித்தால் ஸ்டென்ட் நீண்டு கம்பிகளின் இடைவெளி அகலும். தள்ளினால் நெருங்கிக் குவியும். இரண்டும் பின்னால் வம்பு.

எமரால்டு (பயிற்சி டெக்னீஷியன்)

பேரிஜம் அண்ணா, மூன்று அடுக்கு ஷீத் உள்ள சிஸ்டத்தில் எதைப் பிடிப்பது? வெளியே இருப்பது அசையாமல் நிற்கிறது, உள்ளே இருப்பது போகிறது. குழப்பமாக இருக்கிறது.

பேரிஜம்டெக்

வெளியே அசையாமல் நிற்பதுதான் நிலைப்படுத்தும் உறை. இன்ட்ரோடியூசரின் (துளையில் வைத்திருக்கும் நுழைவுக் குழாய்) வால்வு அதைத்தான் கவ்வும், நடுவில் இழுபடும் ஷீத்தை வால்வு தொடாது. அதனால் வால்வின் உராய்வு கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. அந்த உறையை இன்ட்ரோடியூசர் வாயருகே இரண்டு விரலால் லேசாகப் பிடித்தால் போதும். நசுக்கிப் பிடித்தால் உள்ளே போகும் ஷீத்தையும் சேர்த்து நசுக்குகிறாய், மூன்று அடுக்கின் பயன் போயிற்று. உறை இன்ட்ரோடியூசருக்குள் போயிருக்கிறதா என்றும் பார். ஷீத் மிக நீளமாக இருந்து உறை எட்டாமல் வெளியே நின்றால், அது வெறும் இரண்டு அடுக்கு சிஸ்டம்தான்.

கல்லட்டி36

கட்டைவிரல் சக்கரம் பற்றி ஒன்று. உள்ளே இருப்பது பல்சக்கரமும் பல்தண்டும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயிலைத் தூக்கிக்கொண்டு போகும் பல்தண்டவாளம் செய்வதும் இதே வேலைதான். 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் எஞ்சின் பின்னால் சறுக்காமல் ஒவ்வொரு பல்லாகப் பிடித்து ஏறுகிறது. சக்கரக் கைப்பிடியின் நன்மை அதுதான்: சிறிய சிறிய அடியாக இழுக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். குறை என்னவென்றால், பற்கள் விசையைப் பெருக்கித் தருவதால் மறுமுனையில் எவ்வளவு முறுக்கு ஏறியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. கையால் நேராக இழுக்கும் சிஸ்டத்தில் அது தெரியும். சக்கரம் இரண்டு மூன்று கிளிக் போயும் மார்க்கர் அசையவில்லை என்றால் நிறுத்தி, தளர்வு இருக்கிறதா, திருகு இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "இன்னும் ஒரு கிளிக்" என்று போனால் பாயும்.

மெதுவான சக்கரமும் வேகமான இழுவைப் பிடியும் சேர்ந்து வரும் கைப்பிடிகளில், முதல் பகுதி சுவரில் நன்றாகப் படிந்த பிறகுதான் வேகத்துக்கு மாறுவது.

சோலைக்காடு டாக்டர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். குறி பிழையும் இழுவைப் பிழையும் தனித்தனி. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது குறையாது. சில நேரம் எதிரெதிர்த் திசையில் வந்து ஒன்றை ஒன்று மறைத்தும்விடும். அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் சரியாகச் செய்தோம் என்று நம்பிவிடுவோம்.

எமரால்டு

இன்னொரு கேள்வி. ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கீழே இருப்பதைவிடக் குறைவு. பலூன் ஊதி விரிக்கும் ஸ்டென்ட்டுக்கு இன்டெஃப்ளேட்டரில் (அழுத்தம் காட்டும் முள்ளோடு பலூனை ஊதும் பம்ப்) 10 அட்மாஸ்பியர் என்றால் இங்கே அதைத் திருத்த வேண்டுமா?

கல்லட்டி36

நல்ல கேள்வி தம்பி. ஊதுவதற்குத் திருத்தம் வேண்டாம். இங்கே காற்றழுத்தம் சுமார் 0.76 அட்மாஸ்பியர். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வரும்போது உப்பியிருப்பது அதனால்தான். ஆனால் இன்டெஃப்ளேட்டரின் முள் சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு அதிகம் என்றுதான் காட்டுகிறது. ரத்த அழுத்தமும் அப்படியே சுற்றுக் காற்றுக்கு மேல் கணக்கிடுவது. பலூனின் உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் வித்தியாசம்தான் ஸ்டென்ட்டை விரிக்கிறது, அது ஊட்டியிலும் சென்னையிலும் ஒன்றே. பெட்டியில் இருக்கும் அழுத்தம்-விட்டம் அட்டவணையை அப்படியே பயன்படுத்து. ஊதுவதற்கு முன் முள் சுழியில் நிற்கிறதா என்று மட்டும் பார்.

வித்தியாசம் வருவது பலூனை வடிக்கும்போது. வெற்றிடம் இழுக்கிறோம் என்றால் உண்மையில் வெளிக்காற்றும் ரத்த அழுத்தமும்தான் பலூனை நசுக்கிக் காலி செய்கின்றன. கடல்மட்டத்தில் அது அதிகபட்சம் 1 அட்மாஸ்பியரும் ரத்த அழுத்தமாக ஒரு 0.13-ம், ஆக 1.13. இங்கே 0.89 மட்டுமே. பலூன் தொய்ந்த பிறகு வடியும் பகுதிக்குச் சுமார் கால் பங்கு கூடுதல் நேரம் ஆகும். சின்னப் பலூனில் தெரியாது. இலியாக்குக்கு 10 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம் என்று போகும்போது தெரியும். முழுதும் வடியாத பலூனை இழுத்தால் அது ஸ்டென்ட்டின் பின்முனையில் மாட்டி, அழகாக உட்கார்ந்த ஸ்டென்ட்டைக் கையோடு நகர்த்திவிடும். வெற்றிடத்தைப் பிடித்தபடியே எண்ணிக்கொண்டு காத்திருந்து, திரையில் டை நிழல் போனதை உறுதி செய்து, லேசாக முன்னால் தள்ளி விடுவித்து, அப்புறம் இழு.

தேயிலைத்தென்றல் (கேத் லேப் செவிலியர்)

டை பற்றியும் குளிர் பற்றியும் நான் சேர்க்கிறேன்.

கான்ட்ராஸ்ட் குளிர்ந்தால் கெட்டியாகும். அயோஹெக்ஸால் 350 எடுத்துக்கொண்டால் 20 டிகிரியில் பிசுபிசுப்பு 20.4 சென்டிபாய்ஸ், 37 டிகிரியில் 10.4. அயோடிக்ஸனால் 320 இன்னும் கெட்டி, 20 டிகிரியில் 26.6, 37-ல் 11.8. இந்த அளவு 20 டிகிரிக்கு. டிசம்பர், ஜனவரி காலையில் மலையில் அலமாரிக்குள் அதைவிடக் குளிராகத்தான் இருக்கும். வார்மரில் 37-க்குக் கொண்டு வந்து பயன்படுத்துங்கள். குளிர்ந்த டையைக் கையால் அழுத்தினால் மெல்லிய கதீட்டரில் போதிய வேகத்தில் போகாது, ரத்தத்தோடு கலந்து படம் மங்கலாக வரும், கிளையின் வாய் தெளியாது. கல்லட்டி சாரும் சோலைக்காடு டாக்டரும் சொன்ன மி.மீ. கணக்கு முழுதும் அந்தப் படத்தை நம்பித்தான் இருக்கிறது.

பலூனுக்குள் போகும் டையை வார்மர் ஒன்றே காப்பாற்றாது. சலைனோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். பெரிய பலூன் என்றால் டை ஒரு பங்கு, சலைன் இரண்டு பங்கு. வடிவது அதனால்தான் வேகமாகும்.

நோயாளி நடுங்கினால் படமும் நடுங்கும். உள்ளூர் மயக்கத்தில் படுத்திருப்பவர், தொடை திறந்திருக்கிறது, குளிர்ந்த ஆன்டிசெப்டிக் தடவியாயிற்று. நடுக்கம் ஆரம்பித்த பிறகு அடக்குவது கஷ்டம். மார்புக்கு மேல் சூடுகாற்றுப் போர்வையை மேஜையில் ஏற்றியவுடனே போடுங்கள். மூச்சைப் பிடிக்கச் சொல்வதையும் முன்பே பழக்குங்கள். "ஆழமா இழுத்துப் பிடிங்க" என்றால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு இழுப்பார்கள், சிறுநீரகத் தமனி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். "சாதாரணமா மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்றால் எல்லா முறையும் ஏறத்தாழ ஒரே இடம். ரோடுமேப் எடுத்ததும் ஸ்டென்ட் விட்டதும் ஒரே மூச்சு நிலையில் இருக்க வேண்டும். படுக மொழியோ, தமிழோ, மலையாளமோ, அவருக்குப் பழகிய பேச்சில் சொல்லுங்கள்.

குளிர்ந்த ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்த பெட்டியை உடனே சூடான அறைக்குள் பிரித்தால் பையின்மேல் ஈரம் கோக்கும். நனைந்த பையை ஸ்டெரைல் என்று நம்ப முடியாது. ஒரு மணி நேரம் முன்பே உள்ளே கொண்டு வந்து வைத்துவிடுங்கள்.

சோலைக்காடு

தேயிலைத்தென்றல் மேடம், மூச்சை விட்டு நிறுத்தச் சொல்வது பற்றி நீங்கள் எழுதியது இந்த இழையில் இருக்கும் மிகப் பயனுள்ள வரி. நன்றி.

பலூன் ஸ்டென்ட் பேச்சு வந்ததால், சிறுநீரகத் தமனியின் வாய் பற்றி. அங்கே அடைப்பு பெரும்பாலும் மகாதமனியின் சுவரிலிருந்து வழிந்து வரும் படிவு. அதனால் ஸ்டென்ட் 1 முதல் 2 மி.மீ. மகாதமனிக்குள் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே தள்ளிப்போனால் அடைப்பின் வேர் மூடப்படாமல் மறுபடி அடைக்கும். 5 மி.மீ. வெளியே நீட்டினால் அடுத்த முறை அந்தத் தமனிக்குள் கதீட்டர் நுழைவதே போராட்டம். தப்புக்கு இடம் ஒரே ஒரு மில்லிமீட்டர். கைடு கதீட்டரின் நுனியைக் கொஞ்சம் பின்வாங்கி, டை விட்டு, ஸ்டென்ட்டின் பின் ஓரத்தையே பாருங்கள். பலூன் மார்க்கரும் ஸ்டென்ட் ஓரமும் ஒன்றல்ல. மார்க்கருக்கு உள்பக்கமாகக் கொஞ்சம் தள்ளித்தான் ஸ்டென்ட் தொடங்கும். மார்க்கரை வாயில் வைத்தால் ஸ்டென்ட் உள்ளே போய்விடும்.

ஊதும்போது மெதுவாக. முதல் 2, 3 அட்மாஸ்பியரில் பலூனின் இரண்டு முனையும் முன்னதாக உப்பி, நடுவில் இடுங்கி, நாய் கடிக்கப் போடும் எலும்பு வடிவத்துக்கு வரும். அந்த நிலையில் நிறுத்திப் பார்த்தால் ஸ்டென்ட் முன்பின் நழுவுகிறதா என்று தெரிந்துவிடும். கடினமான சுண்ணாம்புப் படிவில் முன்கூட்டி விரிக்காமல் ஊதினால், நனைந்த புளியங்கொட்டையை விரல்களுக்கு நடுவே அழுத்தியது போல ஸ்டென்ட் பலூனோடு வழுக்கிப் போகும். ரத்தநாளத்தைவிட அரை முதல் ஒரு மி.மீ. சின்ன பலூனால் முதலில் வழி செய்யுங்கள்.

வெலிங்டன்கேத் (இதயத் தலையீடு)

கரோனரி (இதயத் தமனி) வாய்களுக்கு சாபோ முறை என்று ஒன்று இருக்கிறது, இங்கே யாரும் சொல்லவில்லை. இரண்டாவது வயரை நங்கூரமாக மகாதமனியிலோ பக்கக் கிளையிலோ வைத்துவிட்டு, அதன் வால்முனையை ஸ்டென்ட்டின் கடைசிக் கண்ணி வழியாகக் கோப்பது. பலூனை வெளியே 1, 2 அட்மாஸ்பியருக்கு லேசாக ஊதினால் கடைசிக் கண்ணி கொஞ்சம் தூக்கும், அதில் கோத்து, வடித்து, விரலால் மறுபடி அழுத்திவிடுவது. இரண்டு வயரிலும் சேர்த்து ஏற்றினால், நங்கூர வயர் வாயில் தடுத்து நிறுத்தும். ஸ்டென்ட் அதற்குமேல் உள்ளே போகவே முடியாது. குறைந்த அழுத்தத்தில் விரித்து, நங்கூர வயரை உருவி, பிறகு முழு அழுத்தம்.

சோலைக்காடு

வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் சிறிய மையங்களில் இதை முதல் வழியாக எடுக்க வேண்டாம் என்பேன். தயாரிப்பாளர் இறுக்கி அனுப்பிய ஸ்டென்ட்டை நாம் கையால் கலைத்து மறுபடி அழுத்துகிறோம். பிடி தளர்ந்தால் வழியிலேயே பலூனிலிருந்து கழன்று விழும். இரண்டு வயரும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டால் வாய்க்கு வருமுன்பே நின்றுவிடும், நாம் வாயை அடைந்துவிட்டோம் என்று நினைத்து விரித்துவிடுவோம். பல தயாரிப்பாளர்களின் குறிப்பேட்டில், அடைப்பைத் தாண்டும் முன் பலூனில் வெற்றிடம்கூட இழுக்காதே என்று எழுதியிருப்பது இதே பயத்தால்தான். நல்ல கோணமும் ரத்தநாளத்துக்குள் அல்ட்ராசவுண்டும் இருந்தால் முக்கால்வாசி நேரம் நங்கூரமே வேண்டியதில்லை.

வெலிங்டன்கேத்

அல்ட்ராசவுண்ட் இருந்தால் சரிதான் டாக்டர். இல்லாத இடத்துக்குச் சொன்னேன். வயர் சுற்றுவதைத் தவிர்க்க, முதன்மை வயர் போன பிறகு நங்கூர வயரைத் திருகாமல் நேராக ஏற்ற வேண்டும், ஏற்றும்போது தடை வந்தால் படம் பார்க்காமல் விரிக்கக் கூடாது. இதையும் சேர்த்துப் படிக்கவும்.

மூங்கில்கூடை (பாலிமர், சாதன வடிவமைப்பு)

பின்னல் ஸ்டென்ட் பற்றி ஒருவரும் தொடவில்லை. லேசரில் வெட்டிய நிட்டினால் குழாய் விரியும்போது நீளம் கொஞ்சம்தான் குறையும். கம்பிகளைப் பின்னிய ஸ்டென்ட் அப்படி இல்லை. மூங்கில் தப்பைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய குழல் ஒன்றை இரண்டு முனையிலும் பிடித்து இழுங்கள், ஒல்லியாகி நீளும். இரண்டு முனையையும் அழுத்துங்கள், பருத்துக் குட்டையாகும். தப்பையின் நீளம் மாறவே இல்லை, அதன் சாய்வுதான் மாறுகிறது. ஸ்டென்ட்டிலும் அதுதான். ஆகவே இறுதி நீளம் என்ன என்பதைத் தீர்மானிப்பது பெட்டியில் எழுதிய எண் இல்லை, உங்கள் ரத்தநாளத்தின் விட்டம். 10 மி.மீ. பின்னல் ஸ்டென்ட் 7 மி.மீ. நாளத்துக்குள் போனால் பெட்டியில் எழுதியதைவிட நீளமாக நிற்கும், பின்முனை எதிர்பாராத கிளையின் வாயை மூடும். விட்டத்துக்கு ஏற்ற நீளத்தின் அட்டவணையைக் குறிப்பேட்டில் பார்த்தே எடுக்க வேண்டும்.

நாளம் ஒரே அகலமாக இல்லாமல் குறுகிக்கொண்டே போனால், இரண்டு முனைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். வெட்டிய நிட்டினாலுக்கு நாளத்தைவிட 1 மி.மீ. பெரிய அளவு என்பது பொது வழக்கம். நெருக்கமாகப் பின்னியவற்றுக்கு அது பொருந்தாது, நாளத்தை முதலில் ஸ்டென்ட்டின் அளவுக்கே பலூனால் தயார்செய்ய வேண்டும். தயார் செய்யாமல் விட்டால் நீண்டு, கம்பிகள் விலகி, தாங்கும் வலு குறையும்.

எமரால்டு

தவறிப் போய்விட்டது என்றால் என்ன செய்வது? யாரும் அதை எழுதவில்லை.

பேரிஜம்டெக்

வயரை விடாதே. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. வயர் உள்ளே இருக்கும்வரை வழி இருக்கிறது.

தானே விரியும் ஸ்டென்ட் பாயும்போது பாதி வெளியே வந்திருந்தால், அதைத் திரும்ப ஷீத்துக்குள் இழுக்கப் பார்க்காதே. தொடைத் தமனிக்கு வரும் வெட்டிய நிட்டினால் ஸ்டென்ட்டுகள் மறுபடி உள்ளே போகிற வடிவம் இல்லை. முழுதும் விட்டுவிட்டு, விடுபட்ட பகுதிக்கு இன்னொன்று வை. இரண்டும் குறைந்தது 5 மி.மீ. மேல்விழட்டும், முடிந்தால் 10. அந்த இணைப்பு முழங்கால் மடங்கும் இடத்தில் விழாமல் பார்த்துக்கொள். இரண்டு அடுக்குக் கம்பி மடங்கி மடங்கி உடையும்.

பலூன் ஸ்டென்ட் விரியாமல் பலூனிலிருந்து கழன்று வயரில் நின்றால், சின்ன பலூன் ஒன்றை அதே வயரில் ஏற்றி ஸ்டென்ட்டுக்குள் கொண்டுபோய் லேசாக ஊதி, பாதுகாப்பான அகலமான இடத்துக்கு, பெரும்பாலும் இலியாக்குக்கு, இழுத்து வந்து அங்கே விரித்து விட்டுவிடலாம். ஸ்னேர் (சுருக்குக் கண்ணிக் கம்பி) போட்டு எடுப்பது அடுத்த வழி. அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேஸ் ஆரம்பிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மலையில் இன்னொன்று. கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் நகரும் சி-ஆர்மில் ரோடுமேப் அழிந்துவிடும். ஆன்லைன் யு.பி.எஸ். இல்லாமல் வாய்க்குப் பக்கத்தில் இறக்கும் கேஸ் எடுக்காதீர்கள். போய் வந்தால் நினைவில் இருப்பதை வைத்து விடக் கூடாது, மறுபடி படம் எடுத்தே விட வேண்டும்.

கல்லட்டி36

கையைப் பழக்க நோயாளி வேண்டாம், மேஜை போதும். தேதி முடிந்த சாதனங்களை "மனிதருக்கு அல்ல" என்று சிவப்பு மையில் எழுதி ஒதுக்கி வையுங்கள். 6 மி.மீ. உள்விட்டமுள்ள ஒளி ஊடுருவும் சிலிக்கோன் குழாய், 7 மி.மீ. ஸ்டென்ட். குழாயைப் பலகையில் ஒரு யு வளைவும் இரண்டு சிறு வளைவும் வரும்படி கிளிப் போட்டுப் பொருத்துங்கள், மொத்தம் 300 டிகிரி. இறக்கும் பகுதிக்கு அடியில் ஸ்டீல் அளவுகோல். நேராக மேலே நின்று கைபேசியில் படம் பிடியுங்கள், இல்லாவிட்டால் சோலைக்காடு டாக்டர் சொன்ன பிழை இங்கேயும் வரும். தளர்வை எடுக்காமல் ஐந்து முறை, எடுத்து ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் குறிக்கும் முனைக்கும் உள்ள தூரத்தை முன்னால் என்றால் கூட்டல், பின்னால் என்றால் கழித்தல் குறியோடு எழுதுங்கள். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், பரவலையும் பாருங்கள். சராசரி எப்போதும் +3 என்றால் குறியை 3 மி.மீ. தள்ளி வைத்துச் சமாளிக்கலாம். ஒரு முறை +6, ஒரு முறை −2 என்று வந்தால் எதையும் தள்ளி வைக்க முடியாது. கை நிலையாக இல்லை என்று அர்த்தம்.

தண்ணீர் 37 டிகிரி இருக்க வேண்டும். நிட்டினால் தன் முழு வடிவத்துக்கு வருவது வெப்பத்தைப் பொறுத்தது. ஊட்டிக் காலையில் 12 டிகிரித் தண்ணீரில் விட்டால் சோம்பலாக, பாதி விரிந்து நிற்கும். ஷீத்துக்குள்ளும் சுவரை அவ்வளவு அழுத்தாது என்பதால் இழுவையும் பொய்யாக இலகுவாகத் தெரியும். அந்த இலகுவைப் பழகிய கை உடம்புக்குள் போகும்போது ஏமாறும். மீன்தொட்டி ஹீட்டர் பலவற்றில் 34 டிகிரிக்கு மேல் ஏற்றவே முடியாது. தனிக் கன்ட்ரோலரும் தண்ணீரைச் சுற்ற ஒரு சின்ன பம்பும் வேண்டும். வெப்பமானியை ஹீட்டர் பக்கத்தில் இல்லாமல் ஸ்டென்ட் இறங்கும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

எமரால்டு

யு வளைவின் ஆரம் எவ்வளவு வைப்பது சார்?

கல்லட்டி36

15 மி.மீ.-ல் ஆரம்பி. அது பழகிய பிறகு 10-க்குக் குறை. இரண்டு முறையும் ஒரே நீளக் குழாய், ஒரே சாதன வகை. ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.